ரிசல்ட் வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்

ஒரு கிராமத்துப் பிள்ளை ப்ளஸ் டூவோடு நின்றுவிட்டால் 'மார்க் பத்தலை போல' என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை மார்க் பத்தாமல் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். நல்ல மார்க்கும் எடுத்து, போகணும் என்ற ஆசையும் இருந்து, மார்ச் கடைசிக்கும் ஜூலைக்கும் நடுவே விடுபட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மா பலர் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஊரிலேயே இருந்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். தேர்வு மார்ச்சில் முடிந்ததும் பையன்கள் அப்பாவோடு பெங்களூருக்கோ, தெரிந்தவர் மூலம் திருப்பூருக்கோ, ஒரகடம் பக்கம் கம்பெனிக்கோ கிளம்பிவிடுவார்கள். ரிசல்ட் மே மாதம் வரும்போது அந்தப் பையன் கையில் ஒரு மாதச் சம்பளம் இருக்கும். பெண் பிள்ளை என்றால் அதற்குள் யாராவது ஒரு வரன் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் நாங்கள் எங்கே இருப்போம்? ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம், அப்புறம் கோடை விடுமுறை. பிள்ளைக்கு யாராவது கூட நின்று வழி சொல்ல வேண்டிய வாரங்களில்தான் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நான் செய்கிற வேலை முழுவதையும் அந்த மூன்று மாதத்துக்காகவே திட்டமிட ஆரம்பித்தேன்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களைக் கணக்கில் எடுத்தால் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், இந்தியாவுக்கு 28.4. பெருமைப்பட வேண்டிய கணக்குதான், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் சேராத மீதிப் பேர் யார் என்று கேட்டால், எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்தே பெயர் பெயராகச் சொல்ல முடியும்.

முதலில் காகிதங்கள். சலிப்பான விஷயம்தான், ஆனால் பாதிப் பேரைத் தடுத்து நிறுத்துவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி சான்று. இந்த நான்கையும் ரிசல்ட் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் இ-சேவை மையத்தில் வரிசை, கிராம நிர்வாக அலுவலர் வேறு வேலையாகப் போயிருப்பார், வருவாய் ஆய்வாளரிடம் கோப்பு நிற்கும். விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய்தான். செலவு முழுவதும் நாள்கணக்கில்தான்: ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலேயே வாங்கச் சொல்லிவிடுகிறேன். வருமானச் சான்று மட்டும் ஓர் ஆண்டுதான் செல்லும். அதை ஏப்ரலில் எடுத்தால் சேர்க்கைக்கும் ஆகும், பின்னால் உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் ஆகும்.

முதல் பட்டதாரி சலுகை 2010-11இல் கலைஞர் ஆட்சியில் வந்தது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கு அரசு உதவுகிறது. குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி இல்லை என்று காட்ட வேண்டும், ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ இதை வாங்கியிருக்கக் கூடாது. இதற்காக அண்ணன், அக்கா எதுவரை படித்தார்கள் என்று கேட்பார்கள், அவர்களுடைய மாற்றுச் சான்றிதழும் தேவைப்படும். எட்டாவதோடு நின்ற அண்ணனின் டி.சி. இன்னும் பழைய பள்ளியிலேயே கிடக்கும், அண்ணன் ஹோசூரில் வேலையில் இருப்பார். அதனால் பிள்ளைகளிடம் ஜூலையிலேயே ஒரு தாளில் தாத்தா பாட்டி முதல் கடைசித் தம்பி வரை யார் யார் எதுவரை படித்தார்கள் என்று எழுதி வாங்கிவிடுகிறேன். அந்தத் தாள் இருந்தால் இ-சேவை மையத்தில் முழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது இனிஷியல். அப்பா பெயர் ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நிறைய ஏழுமலைகள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தர் 'இ' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'ஒய்' போட்டு எழுதுவார். பள்ளிப் பதிவேட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லாமல் அப்பாவின் முழுப் பெயர், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று. பன்னிரண்டு வருஷம் இதை யாரும் கேட்டதில்லை. கல்லூரிச் சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள், உதவித்தொகை வரும்போது வங்கி கேட்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன்பே திருத்திவிடுவது சுலபம், மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தால் போதும்.

இருளர் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். மற்றவர்களுக்குச் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும், விசாரணை உண்டு. அப்பாவுக்கே சான்று இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக இந்தச் சான்றுக்காக மனு எழுதியும் போராடியும் வருகிறார்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால், சட்டம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த இடஒதுக்கீடு முழுவதும் கைக்கு வராமலே போய்விடும். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே இந்த மனுவைத் தொடங்க வேண்டும். ப்ளஸ் டூவில் தொடங்கினால் நேரம் போதாது.

காகிதத்துக்கு அடுத்தபடி செல்போன். அரசு கலைக் கல்லூரிக்கும் பொறியியலுக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான். பிள்ளை பிரவுசிங் சென்டருக்குப் போகும். அங்கே கூட்டம். கடைக்காரர் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையோ போன் நம்பரையோ போட்டு முடித்து அனுப்பிவிடுவார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் தரவரிசை வந்தது, கலந்தாய்வு நாள் வந்தது, இடம் ஒதுக்கியாச்சு என்று வருகிற செய்தியெல்லாம் அவருக்குப் போகும், இல்லையென்றால் ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கிற அப்பாவின் பழைய நம்பருக்குப் போகும். இடம் கிடைத்தும் தெரியாமல் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது நாங்கள் பள்ளி கணினி அறையிலேயே உட்கார்ந்து விண்ணப்பிக்க வைக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த மின்னஞ்சல், ஜூலை வரை உயிரோடு இருக்கப்போகிற ஒரு நம்பர், கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் கையெழுத்திலேயே. நான் எழுதித் தருவதில்லை. அது அவர்களுடைய கணக்கு.

அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பமும் பதிவும் சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு வெறும் 2 ரூபாய். இதைச் சொன்னால் பெற்றோர் நம்புவதே இல்லை. காலேஜ் என்றாலே லட்சம் என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற சின்னச் சின்னக் கட்டணங்கள்தான். திருவண்ணாமலையில் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பல அரசுக் கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட் உண்டு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. பெயர் தெரியாத ஒரு தனியார் கல்லூரியில் கடன் வாங்கி பி.இ. படிப்பதைவிட, இங்கே ஒழுங்காக பி.காம் படித்து வங்கித் தேர்வோ டி.என்.பி.எஸ்.சி.யோ எழுதுவது எங்கள் பிள்ளைகளில் பலருக்கு நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொல்லுவேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத ஆசிரியர்களும் உண்டு.

பெற்றோரிடம் பேசுவதுதான் இந்த வேலையிலேயே நுணுக்கமானது. பள்ளிக்குக் கூட்டம் என்று அழைத்தால் வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒருமுறை என் மாணவி ஒருத்தியின் அம்மாவைப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனேன். நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், புளியமரத்தடியில் எல்லோரும் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 'இன்னா டீச்சரம்மா, இவ்ளோ தூரம்?' என்று இடம் விட்டார்கள். ஓர் அம்மாவிடம் பேசப் போனவள் அத்தனை பேரிடமும் பேசினேன். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, பஸ் எத்தனை மணிக்கு, பொண்ணு சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், கூடப் படிக்கிறது யார். ஒருத்தர்கூடப் பாடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, வேலை கிடைக்குமா என்றுகூட உடனே கேட்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஓர் அப்பா சொன்னார்: 'படிக்க வேணாம்னு நான் சொல்லல டீச்சரம்மா. பன்னெண்டாவது வரைக்கும் பஸ் ஸ்டாண்டு எங்க இருக்குதுன்னு தெரியும். அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது.'

அவர் சொன்ன பிறகு நான் பேசும் வரிசையே மாறிவிட்டது. படிப்பின் பெருமையைப் பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் பஸ்ஸைச் சொல்லுகிறேன். எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, மாணவர் பஸ் பாஸ் எங்கே வாங்குவது, 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அப்புறம் விடுதி. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு இல்லை. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, அது மாணவிகளுக்குப் பொருந்தாது. இடங்கள் குறைவு, அதனால் கல்லூரியில் சேர்ந்த வாரமே விண்ணப்பம் போட வேண்டும்.

கடைசியில் பணம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு தாலிக்குத் தங்கம் தந்த திட்டம்தான் இப்படி மாறியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் ஊரில் அது வீட்டுப் பேச்சையே மாற்றுகிறது. செலவுக்கு அப்பாவிடம் கை நீட்டாத பெண்ணை 'எதுக்கு இன்னும் படிப்பு' என்று கேட்பது கொஞ்சம் சிரமம். ஆனால் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால்தான் பணம் ஏறும். கணக்கு இருக்கிறது என்பது மட்டும் போதாது, உதவித்தொகை ஏறும்படி ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. நிபந்தனை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. ஒரு பெண், நல்ல கட்-ஆஃப், ஆறாம் வகுப்பு மட்டும் பக்கத்து ஊர் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில். ஏழாவதில் கட்டணம் கட்ட முடியாமல் எங்களிடம் வந்துவிட்டாள். அந்த ஒரு வருஷத்தால் உள்ஒதுக்கீடு இல்லை என்று ஆகிவிட்டது. அவள் அப்பா கடன் வாங்கிக் கட்டிய கட்டணம் அது, பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துக் கட்டியது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் வீட்டில் இந்த நிபந்தனையைச் சொல்ல வேண்டும் என்பதால் இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களோடும் பேசுகிறேன்.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது பிள்ளைகள் பயத்தில் 'நிச்சயம் கிடைக்கும்' என்கிற கல்லூரியை மேலே வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. உங்கள் தரவரிசைக்குப் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள். ஆசைப்படுவதை மேலே வைப்பதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. நிறைய எழுதுங்கள், ஆனால் கிடைத்தாலும் போகமாட்டேன் என்கிற கல்லூரியை எழுதாதீர்கள்.

ஏஜென்ட்டுகள் விஷயத்தில் நான் கோபப்படுவேன். ரிசல்ட் வந்த அன்று மாலையே பைக்கில் வந்துவிடுவார்கள். 'ஃப்ரீ சீட்' என்பார்கள், பஸ் ஃப்ரீ என்பார்கள், கையோடு ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போவார்கள். சான்றிதழ் அங்கே மாட்டிக்கொண்டால் பிள்ளை கலந்தாய்வுக்குப் போக முடியாது, வேறு கல்லூரியிலும் சேர முடியாது. ஒரு தனியார் கல்லூரியில் மாட்டிய மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்க, பெற்றோரும் நானும் ஒரு முழுநாள் அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். இதற்குப் பிள்ளைகளிடம் நான் சொல்வது: ஒரிஜினல் சான்றிதழ் கல்லூரி அலுவலகக் கவுன்ட்டரில், ஒப்புகைச் சீட்டுக்கு எதிராக மட்டுமே. வீட்டு வாசலில் யாருக்கும் தராதே, சொந்தக்காரராக இருந்தாலும்.

இதையெல்லாம் வருஷா வருஷம் வாயால் சொல்லிச் சொல்லித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. முதலில் பத்திரிகைகளின் கல்விப் பக்கத்துக்குக் கட்டுரைகள் எழுதினேன். அதை எங்கள் ஊரில் யாரும் படிக்கவில்லை, படித்தவர்கள் ஏற்கெனவே விவரம் தெரிந்தவர்கள். அப்புறம் சின்னக் கையேடாகப் போட்டேன். மாதத்துக்கு ஒரு பக்கம், ஜூலையில் என்ன, ஆகஸ்ட்டில் என்ன என்று. எழுத்து பெரிதாக, வாக்கியம் சின்னதாக. ஏனென்றால் அதைப் பிள்ளை சத்தமாக வாசிக்க, அப்பாவும் அம்மாவும் கேட்கப் போகிறார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஓர் எட்டாம் வகுப்புப் பையனை அவன் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். பாட்டி 'அப்டின்னா?' என்று நிறுத்திய இடங்களையெல்லாம் மாற்றி எழுதினேன். எனக்குக் கிடைத்த சிறந்த எடிட்டர் அந்தப் பாட்டிதான். இப்போது அதிலிருந்து சில பக்கங்களைப் பெரிதாக்கி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுகிறோம்.

கல்லூரியில் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் ஒன்றரை மாதம்தான் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிற காலம். 'மிஸ், எல்லாம் இங்கிலீஷ்லயே நடத்துறாங்க. வந்துடலாம்னு இருக்கு' என்று இரவில் போன் வரும். தமிழ்வழியில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைதான் பெரும்பாலும் இப்படி அழும், ஏனென்றால் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்காருவது அவளுக்குப் புதுசு. இதற்கு ஒரு வழி கண்டோம். ப்ளஸ் டூ முடித்த கோடையில், அவள் ஏற்கெனவே தமிழில் படித்த அதே பாடப்புத்தகத்தின் ஆங்கிலவழிப் பதிப்பைப் படிக்க வைப்பது. அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்ப் புத்தகத்தின் கடைசியில் கலைச்சொற்களும் இருக்கின்றன. விஷயம் தெரிந்ததுதான், வார்த்தை மட்டும்தான் புதிது என்பதால் பயம் சீக்கிரம் தெளிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்துக்கொண்டே இரவில் செல்போனில் கணக்குப்பதிவியல் பாடத்தை ஆங்கிலத்தில் வாசித்து, சந்தேகத்தை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய ஒரு பையன் இப்போது பி.காம் மூன்றாம் ஆண்டு.

இன்னொன்று, முன்னே போன பிள்ளையைப் பின்னே வருகிற பிள்ளையோடு சேர்த்துவிடுவது. நான் அரை மணி நேரம் பேசுவதைவிட, அதே தெருவிலிருந்து போன அக்கா காலேஜ் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஐந்து நிமிஷம் பேசினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவள் சொல்வதும் வேறு மாதிரி இருக்கும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள், இன்டர்னல் மார்க்கை மாதாமாதம் போய்ப் பார், அலுவலகத்தில் ஒருவர் சிடுசிடுத்தால் அழாமல் அடுத்த கவுன்ட்டருக்குப் போ, அரியர் விழுந்தால் வீட்டில் மறைக்காதே, மிஸ்ஸுக்குப் போன் போடு. இதெல்லாம் படித்த வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். எங்கள் பிள்ளைக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றிரண்டு பாடத்தில் தவறிய பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் அன்று எல்லோரும் முதல் மார்க் வாங்கிய வீட்டுக்கு இனிப்போடு போவார்கள். நானும் சக ஆசிரியர்கள் இருவரும் தவறியவர்களின் வீட்டுக்குப் போகிறோம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க ரிசல்ட்டுக்குப் பிறகு சில நாள்தான் அவகாசம், அது போனால் ஒரு வருஷம் போச்சு. தேர்வு அதே கோடையில் நடந்துவிடும், தேறினால் அந்த ஆண்டே சேர்ந்துவிடலாம். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது, அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் பின்னாலும் சேர்க்கிறார்கள், அரசு பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் இருக்கின்றன. எங்கும் சேராமல் விடுபட்டவர்களுக்காக அரசு நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாம்களுக்கும் அழைத்துப் போகலாம். ஆனால் முதல் நாள் போனால்தான் பையன் வீட்டில் இருப்பான். மறுநாள் போனால் பெங்களூரு பஸ் ஏறியிருப்பான்.